கடல் கடந்த தொண்டு

பிறர் துயரைக் கண்டு மனமிரங்கி, தன் வீட்டையும் நாட்டையும் விட்டுக் கடல் கடந்து சென்று, முன்பின் அறியாத ஏழைக் குடியானவர்களுக்கு ஊழியம் செய்ய முற்படும் வாலிபனைக் குறை கூற எவருக்கும் நா எழாது. சுகத்தையே பெரிதாகக் கருதும் இக்காலத்தில் அத்தகைய உள்ளம் ஒரு பொக்கிஷம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், தர்மத்தின் பெயரால் நடக்கும் காரியங்களை யாரும் பரிசோதிக்கலாகாது என்று விட்டுவிடுவது தர்மத்துக்குச் செய்யும் உபகாரமாகாது. நல்லெண்ணம் என்பது செய்கைக்குத் தொடக்கமேயன்றி அதன் நியாயத்துக்குச் சாட்சியன்று. ஆகவே, பிற நாட்டுக் கிராமங்களில் தொண்டு செய்யப் புறப்படும் இந்த இயக்கத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் ஒளிவு மறைவின்றி எழுத விரும்புகிறோம்.

விஷயம் சிறியதன்று. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றிலிருந்து ஆப்பிரிக்காவுக்கும், மத்திய அமெரிக்காவுக்கும், காம்போஜத்துக்கும், நமது அண்டை நாடாகிய நேபாளத்துக்கும் வருஷந்தோறும் தொண்டர்கள் திரள் திரளாகச் செல்கிறார்கள். இவர்களில் சிலரைச் சர்க்கார்கள் அனுப்புகின்றன. சிலரை மதச் சங்கங்கள் அனுப்புகின்றன. சிலரோ, கம்பெனிகளுக்குக் கட்டணம் செலுத்தி, இரண்டு வாரம் மூன்று வாரம் என்று தவணை வைத்துத் 'தொண்டு' வாங்கிக்கொண்டு போகிறார்கள். இம் மூவகையாரையும் ஒரே தராசில் நிறுத்துவது முறையன்று. ஆனால் மூவரையும் ஒரே கேள்விகளைக் கேட்பது முறையே.

அக் கேள்விகள் எவை? நியாயஸ்தலங்களில் பழகியவர்களுக்கு ஒரு விதி நன்கு தெரியும். கட்சிக்காரன் வக்காலத்துக் கொடுக்காமல் எவ்வளவு கெட்டிக்கார வக்கீலும் அவனுக்காக வாதாட முடியாது. பிறர் சொத்தைப் பராமரிக்கும் தர்மகர்த்தா, அந்தச் சொத்தின் பயனை அடைய வேண்டியவர்களுக்குக் கணக்குச் சொல்லியே தீர வேண்டும். 'என் எண்ணம் நல்லது' என்று அவர் கூறுவதைக் கோர்ட்டார் கணக்காக ஏற்கமாட்டார்கள். இதே விதியைக் கிராம ஊழியத்துக்கும் பொருத்திப் பாருங்கள். முதலாவது, இந்தத் தொண்டரை அழைத்தவர் யார்? இரண்டாவது, அவர் யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்? மூன்றாவது, அவர் ஊர் திரும்பிய பின் கிராமத்தில் எது எஞ்சி நிற்கும்? இம் மூன்றுக்கும் 'கிராமம்' என்ற விடை வருமாயின், அது தொண்டு. வேறு விடை வருமாயின், அதற்கு வேறு பெயர் தேடவேண்டும்.

நல்ல உதாரணத்திலிருந்து தொடங்குவோம். அது நமது தேசத்திலேயே இருக்கிறது. 1934-ம் வருஷம் ஜனவரி மாதம் 15-ந் தேதி பீஹாரைப் பூகம்பம் தாக்கியது. பாபு ராஜேந்திர பிரஸாத் நிவாரண வேலைக்குத் தலைமை வகித்தார். அச்சமயம் ஸ்விட்ஸர்லாந்திலிருந்து பியேர் ஸெரெஸோல் என்ற இஞ்சினீயர் உதவிக்கு வந்தார். அவர் சாதாரண மனிதரல்லர்; தமது நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவரின் புதல்வர். முதல் மகாயுத்தம் முடிந்தபின், 1920-ல், பிரான்ஸில் வெர்டூனுக்கு அருகில் பாழாய்க் கிடந்த ஒரு கிராமத்தை மீண்டும் கட்டப் பல தேசத்தாரை, எதிரி நாட்டாராயிருந்த ஜெர்மானியரையும் கூட, மண்வெட்டியுடன் கூட்டிச் சென்றவர். அவ் வேலையிலிருந்து தோன்றியதே சர்வதேச ஊழிய சங்கம்.

பீஹாரில் அவர் செய்தது என்ன? தமது திட்டத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து விரிக்கவில்லை. முதலில் வந்து நிலைமையைப் பார்த்தார். தேசத் தலைவர்களைக் கலந்தார். திரும்பிச் சென்று, விரல்விட்டு எண்ணக்கூடிய சில தோழர்களுடனேயே மறுபடியும் வந்தார். வெள்ளத்துக்கு எட்டாத மேட்டு நிலங்களில் கிராமங்களை மறுபடி அமைக்கும் வேலையில், கிராமவாசிகளோடு சேர்ந்து தாமும் மண் சுமந்தார். 1937 வரையில் அந்த வேலையில் அவருடைய மனம் பதிந்திருந்தது. நாம் அப்போது அன்னிய ஆட்சியின் கீழ் இருந்தோம். வெள்ளைத் தோலைக் கண்டால் அஞ்சியோ கசந்தோ ஒதுங்கும் காலம் அது. அக்காலத்திலும் இவரை வரவேற்பதில் தேசபக்தர்களுக்கு மனத்தடை ஏற்படவில்லை. காரணம் வெளிப்படை. அவர் இந்நாட்டாரின் அழைப்புக்கும் மேற்பார்வைக்கும் உட்பட்டு வேலை செய்தார், எஜமானராக வரவில்லை.

அடுத்தபடி, சர்க்கார் அனுப்பும் தொண்டர்களைக் கவனிப்போம். 1961-ம் வருஷம் மார்ச்சு 1-ந் தேதி, அமெரிக்க ஜனாதிபதி கென்னடி ஓர் உத்தரவின் மூலம் 'பீஸ் கோர்' என்னும் சமாதானப் படையை அமைத்தார். அது முதல் இதுவரை 2,40,000-க்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் 140-க்கு மேற்பட்ட நாடுகளில் அதன் தொண்டர்களாகப் பணி புரிந்திருக்கிறார்கள். அக்காலத்தில் அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடந்துவந்த பலப்பரீட்சையில் இதுவும் ஒரு காய் என்பதை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆயினும் அதன் நல்ல விதிகளை ஒப்புக்கொள்ள வேண்டும். அழைக்கும் நாட்டுக்கே அது செல்கிறது. தொண்டர் மூன்று மாதம் பயிற்சி பெற்று, உள்ளூர்ப் பாஷையைக் கற்று, இரண்டு வருஷம் தங்கியாக வேண்டும். நமது நாட்டுக்கும் 1961 முதல் 1976 வரையில் 4,000-க்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். கோழி வளர்ப்பு முதல் சுகாதாரம் வரை பல வேலைகளில் ஈடுபட்டார்கள். பிற்காலத்தில் ஜனாதிபதியான கார்ட்டரின் தாயார், தமது 68-வது வயதில், பம்பாய்க்கு அருகேயுள்ள விக்ரோலியில் நர்ஸாக ஊழியம் செய்தார் என்பதை நேயர்களில் பலர் அறிவர். அத்தகையவர்களை நன்றியுடன் நினைப்பது நமது பண்பு.

ஆனால் இங்கும் ஒரு சிக்கல் உண்டு. நாட்டின் சர்க்கார் அழைப்பது வேறு. கிராமம் அழைப்பது வேறு. தலைநகரத்தில் கையெழுத்தாகும் உடன்படிக்கை, உழவனுடைய வாசலுக்கு வந்து சேரும்போது வெறும் உத்தரவாகிவிடுகிறது. தொண்டர் கணக்குச் சொல்வதோ தம்மை அனுப்பிய ஸ்தாபனத்துக்கு. 1961 அக்டோபரில் நைஜீரியாவிலுள்ள இபாதானில் நடந்தது இதற்கு ஒரு பாடம். புதிதாக வந்த ஓர் அமெரிக்கத் தொண்டர், அவ்வூரின் வாழ்க்கை நிலையை இழிவாக விவரித்துத் தம் நண்பருக்கு ஒரு தபால் கார்டு எழுதினார். அது வழியில் தவறிவிழுந்து கல்லூரி மாணவர்கள் கையில் அகப்பட்டது. அவர்கள் அதைப் பிரதி எடுத்து ஊரெங்கும் பரப்பி, தொண்டர்கள் வெளியேறவேண்டுமென்று கிளர்ச்சி செய்தார்கள். எழுதியவர் தாய்நாடு திரும்பினார்.

அந்த மாது கெட்டவரல்லர். கண்டதைக் கண்டபடி நண்பருக்கு எழுதியதாகவே அவர் நினைத்திருப்பார். ஆனால் நைஜீரியா சுதந்திரம் பெற்று அப்போது ஒரு வருஷமே ஆகியிருந்தது. மானத்தோடு தலைநிமிர்ந்த ஒரு ஜன சமூகம், தன்னைப் பற்றித் தன் முதுகுக்குப் பின்னால் இரக்கமும் ஏளனமும் கலந்த குரலில் பேசுவதைச் சகிக்கவில்லை. இரக்கம் வேறு, மதிப்பு வேறு. மதிப்பில்லாத இரக்கத்தை ஏழை உடனே கண்டுகொள்கிறான். பசி வந்தவன் சோற்றை ஏற்பான். அதனால் அவமானத்தை அவன் உணரவில்லை என்று எண்ணுவது பேதைமை.

1968-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், ஈவான் இல்லிச் என்ற பாதிரியார் இதையே இன்னும் கடுமையாகச் சொன்னார். மெக்ஸிகோ கிராமங்களில் கோடைக்காலத் தொண்டு செய்ய முற்பட்ட அமெரிக்க மாணவர்களின் கூட்டத்திலேயே, அவர்களை நேரில் பார்த்துச் சொன்னார். இந்நாட்டைப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள். உதவி செய்கிறோம் என்று மட்டும் வராதீர்கள் என்பது அவருடைய பேச்சின் சாரம். அவருடைய முடிவை நாம் முழுவதும் ஏற்பதற்கில்லை. பீஹாரில் ஸெரெஸோல் செய்ததை அந்த வாதம் விளக்காது. ஆனால் கிராமத்தாரின் பாஷை தெரியாதவன், தான் செய்யும் தீங்கு எது என்பதையும் அவர்கள் வாயால் கேட்டறிய முடியாது என்ற அவருடைய எச்சரிக்கை இன்றும் பதில் இல்லாமலே நிற்கிறது.

இனி, கட்டணத் தொண்டுக்கும் குறுகிய காலத் தொண்டுக்கும் வருவோம். 1998 அக்டோபரில் மிட்ச் என்னும் புயல் மத்திய அமெரிக்காவிலுள்ள ஹோண்டுராஸைச் சின்னாபின்னமாக்கியது. வட அமெரிக்க தேவாலயங்களிலிருந்து கூட்டங் கூட்டமாகத் தொண்டர்கள் வந்து வீடு கட்டிக் கொடுத்தார்கள். கர்ட் வெர் பீக் என்ற சமூகவியல் ஆசிரியர் பின்னர் அதன் கணக்கைப் பரிசோதித்தார். அந்நாட்டு ஸ்தாபனங்கள் சுமார் 2,000 டாலரில் கட்டிய வீட்டுக்கு, தொண்டர் கூட்டம் வந்து கட்டியபோது பிரயாணச் செலவு உட்பட ஏறக்குறைய 30,000 டாலர் ஆயிற்று! ஒரு வீட்டின் செலவில் பதினைந்து வீடுகள் எழும்பியிருக்கும். அதனோடு, உள்ளூர்க் கொத்தனாருக்கும் தச்சனுக்கும் சிற்றாளுக்கும் கூலி கிடைத்திருக்கும். புயலில் எல்லாவற்றையும் இழந்தவனுக்கு வீட்டைவிட அவசரமாக வேண்டியது வேலையல்லவா? கொல்லத்துக் கரண்டியை வாழ்நாளில் முதன்முறையாகப் பிடிக்கும் கல்லூரி மாணவன், அதைப் பிடித்தே வயிறு வளர்ப்பவனை ஓரமாக நிற்கவைத்துச் சுவர் எழுப்புவது எந்தப் பொருளாதார சாஸ்திரத்தில் அடங்கும்?

இது பண நஷ்டம்; பொறுத்துக் கொள்ளலாம் என்று சிலர் கூறலாம். பொறுக்க முடியாத நஷ்டம் ஒன்று உண்டு. அது நமது எல்லைக்கு அப்பால் நேபாளத்தில் நடந்தது.

1996 முதல் 2006 வரை நேபாளத்தில் உள்நாட்டு யுத்தம் நடந்தது. ஹும்லா போன்ற, சாலை வசதியே இல்லாத மலைப் பிரதேசங்களுக்குத் தரகர்கள் சென்றார்கள். 'உங்கள் குழந்தையைக் காட்மாண்டுவில் நல்ல பள்ளியில் சேர்க்கிறோம். யுத்தத்திலிருந்து தப்புவிக்கிறோம்' என்று ஆசை காட்டி, ஏழைப் பெற்றோர்களிடமே பணமும் வாங்கிக்கொண்டு, குழந்தைகளை அழைத்துச் சென்றார்கள். அக் குழந்தைகள் சேர்ந்த இடம் 'அநாதை விடுதி'. தந்தையும் தாயும் உயிரோடிருக்கையில், அவர்கள் இறந்துவிட்டதாகப் பொய்ப் பத்திரங்கள் தயாராயின. அந்த விடுதிகள் பெரும்பாலும் எங்கே இருந்தன தெரியுமா? யுத்தம் நடந்த மலைகளிலன்று. சுற்றுப்பிரயாணிகள் வந்திறங்கும் காட்மாண்டு, லலித்பூர், பக்தபூர், போக்ரா, சித்வான் பகுதிகளில். அங்கே வெளிநாட்டு வாலிபர்கள் வந்து, கட்டணம் செலுத்தி, சில தினங்கள் குழந்தைகளோடு விளையாடி, ஆங்கிலப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, கண்ணீர் மல்க விடைபெற்றுச் சென்றார்கள்.

காம்போஜத்திலும் இதே கதைதான். 2005-க்கும் 2010-க்கும் இடையே அங்கே அநாதை விடுதிகளின் எண்ணிக்கை 75 சதவிகிதம் பெருகிற்று என்றும், அவற்றில் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கினருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடிருந்தார்கள் என்றும் 2011-ல் வெளியான விசாரணையில் தெரியவந்தது. நாட்டில் அநாதைகள் குறைந்துகொண்டு வர, அநாதை விடுதிகள் மட்டும் பெருகிய அதிசயத்துக்கு விளக்கம் ஒன்றே. அநாதைகளுக்கு வாங்குவோர் ஏற்பட்டுவிட்டார்கள். வாங்குவோர் இருந்தால் சரக்குத் தயாராகும்; இது சந்தையின் விதி. குழந்தை மெலிந்திருந்தால் இரக்கம் மிகும். இரக்கம் மிகுந்தால் நன்கொடை மிகும். ஆகவே குழந்தையை மெலிந்தபடியே வைத்திருப்பதில் விடுதிக்காரனுக்கு லாபம் ஏற்பட்டுவிடுகிறது. தர்மம் செய்ய வந்தவன் கொடுத்த காசே அதர்மத்துக்கு முதலாகிவிட்டது. இதைவிடக் கொடிய விபரீதம் வேறென்ன இருக்க முடியும்?

1989-ல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 7-வது ஷரத்து, இயன்றவரை தன் பெற்றோரை அறியவும், அவர்களால் வளர்க்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. 9-வது ஷரத்து, பெற்றோரின் சம்மதமின்றிக் குழந்தையைப் பிரிக்கலாகாது என்கிறது. பொய் சொல்லி வாங்கிய சம்மதம் சட்டத்தின் கண்ணில் சம்மதமே அன்று. சொத்து இழந்தவன் வழக்குத் தொடுக்கலாம். உயிரோடிருக்கும் தகப்பனைக் காகிதத்தில் இழந்த ஐந்து வயதுக் குழந்தை எந்தக் கோர்ட்டில் பிராது கொடுக்கும்?

அந்த விடுதிகளுக்குச் சென்ற வெளிநாட்டு வாலிபர்களில் ஒருவரேனும் இக் குற்றத்துக்கு உடந்தையாக விரும்பியிருப்பார் என்று நாம் நம்பவில்லை. அவர்கள் உண்மையாகவே அன்பு செலுத்தினார்கள். ஆனால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிய அண்ணனும் புதிய அக்காளும் வந்து அணைத்துவிட்டு மறைந்து போவதால் பிள்ளைகளின் மனம் என்ன பாடுபடும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. யோசிக்கும்படி அவர்களை அனுப்பிய கம்பெனியும் சொல்லவில்லை. நாம் முன்னே கூறிய மூன்று கேள்விகளில் ஒன்றைக் கேட்டிருந்தாலும் மோசடி அங்கேயே வெளிப்பட்டிருக்கும். அழைத்தவர் யார்? விடுதிக்காரன். கணக்கு யாருக்கு? கம்பெனிக்கு. எஞ்சுவது என்ன? பிரிவுத் துயர்.

உலகம் மெல்ல விழித்துக்கொண்டிருக்கிறது. 2015 ஏப்ரல் 25-ந் தேதி நேபாளத்தில் பூகம்பம் ஏற்பட்டு ஏறக்குறைய 9,000 பேர் மாண்டபோது, குழந்தைத் தரகர்கள் மீண்டும் கிளம்புவார்களென்று அஞ்சிய அந்நாட்டுச் சர்க்கார், பெற்றோரின்றிக் குழந்தைகளை ஜில்லாவை விட்டு வெளியே கொண்டுபோவதைத் தடுத்தது. புதிய விடுதிகளைப் பதிவு செய்வதையும் நிறுத்திவைத்தது. ஆஸ்திரேலியாவின் பார்லிமெண்டு விசாரணை செய்து, அநாதை விடுதிகளுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதும் அடிமை வியாபாரத்தின் ஒரு வகையே என்று ஒப்புக்கொண்டது. அதன் பயனாக 2018-ல் அந்நாட்டில் நவீன அடிமைத்தனச் சட்டம் இயற்றப்பட்டபோது இவ்விஷயமும் கவனத்துக்கு வந்தது. 2019 டிஸம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையும் அநாதை விடுதித் தொண்டின் தீமைகளைக் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. இவை நல்ல தொடக்கம்.

இவ்வளவும் சொன்னபின் சிலர் நம்மைக் கேட்பார்கள்: 'அன்னியர் எவரும் வரவேண்டாமென்று கதவைச் சாத்திவிடச் சொல்கிறீர்களா? சுதேச அபிமானம் இவ்வளவு குறுகியதா?' நமது பதில் 'இல்லை' என்பதே. மீரா பென் இங்கிலாந்தின் கடற்படைத் தளபதியொருவரின் மகள். 1925-ல் இந்நாட்டுக்கு வந்து, கிராமத்து வாழ்க்கையைத் தம் வாழ்க்கையாக்கிக் கொண்டார். தேசத்துக்காகச் சிறையும் சென்றார். லாரி பேக்கர் என்ற ஆங்கிலச் சிற்பி, 1945-ல் குஷ்டரோகிகளுக்கான ஆஸ்பத்திரிகளைக் கட்ட வந்தார். தாம் பர்மிங்ஹாமில் கற்ற வித்தை இமயமலைக் கிராமங்களில் பயன்படாததைக் கண்டு வெட்கப்படாமல், பிதோராகட் மலைவாசிகளிடம் கல்லையும் மண்ணையும் கையாளும் முறையைக் கற்றார். அங்கே சுமார் பதினாறு வருஷம் வாழ்ந்தார். பின்னர் கேரளத்தில் ஏழைகளுக்குக் குறைந்த செலவில் ஆயிரக்கணக்கில் வீடுகள் எழும்ப வழிகாட்டி, இந்தியப் பிரஜையாகவே 2007-ல் காலமானார். கற்பிக்க வந்தவர் முதலில் மாணவரானார். அதுவே அவர் வெற்றியின் ரகசியம்.

வேறொரு வழியும் உண்டு. ராஜஸ்தானத்தில் திலோனியா கிராமத்தில் 1972-ல் பங்கர் ராய் அவர்கள் நிறுவிய 'வெறுங்கால் கல்லூரி'க்கு, ஆப்பிரிக்கக் கிராமங்களிலிருந்து எழுத்தறியாத பெண்கள், பலர் பேரப்பிள்ளை எடுத்தவர்கள், வருகிறார்கள். ஆறு மாதம் தங்கி, பொது மொழி இல்லாமலே, கண்ணால் பார்த்தும் சைகையால் அறிந்தும் சூரிய வெளிச்சத்தால் விளக்கெரியும் தொழிலைக் கற்றுத் திரும்புகிறார்கள். இங்கே பிரயாணம் செய்பவள் ஏழை. வித்தையைக் கையோடு கொண்டுபோகிறவளும் அவளே. விளக்குப் பழுதானால் சீர்செய்ய அடுத்த கோடை விடுமுறை வரை அவள் கிராமம் காத்திருக்கத் தேவையில்லை.

இறுதியாக, நமது தேச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. அன்னியரைக் குறை சொல்லி ஆனந்தப்படுவது எளிது. இன்று நமது நகரங்களிலும் செல்வம் பெருகியிருக்கிறது. நமது கல்லூரி வாலிபர்களும் விடுமுறையில் மலைவாசிகளின் ஊர்களுக்கும் கடலோரக் குப்பங்களுக்கும் 'ஊழியம்' செய்யப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டாரில் போய், குழந்தைகளை வரிசையில் நிறுத்தி, பென்சிலும் மிட்டாயும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு மாலையில் திரும்பும் கனவான்களை நாம் அறிவோம். சேரிக்குள் நுழைந்து அங்குள்ளவர்களோடு ஒரு வேளை உண்ணாதவர், சேரியைச் சீர்திருத்தத் திட்டம் போடுவதையும் அறிவோம். இபாதானுக்கு வந்த மாதுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? கடல் ஒன்றுதான். ஏழைக்கும் எஜமானனுக்கும் இடையே உள்ள தூரம் மைல் கணக்கில் அளக்கக் கூடியதன்று.

எனவே நாம் வற்புறுத்துவது இது. கிராமப் பஞ்சாயத்து தன் தேவையைத் தானே எழுதிக் கேட்டாலன்றி எந்தத் தொண்டர் கூட்டமும் செல்லலாகாது. உள்ளூரில் கூலிக்கு ஆள் கிடைக்கும் வேலையைத் தொண்டர் கையில் கொடுக்கலாகாது. வைத்தியம், உபாத்திமைத் தொழில் முதலியவற்றில், தாய்நாட்டில் எவருக்கு அனுமதியில்லையோ அவருக்கு ஏழை நாட்டிலும் அனுமதியில்லை என்பது விதியாக வேண்டும். பெற்றோர் உயிரோடுள்ள குழந்தையை விடுதியில் அடைப்பதற்குப் பதில், அப்பணத்தை அக்குடும்பத்துக்கே உதவியாக அளிக்க வேண்டும். வேலை முடிந்ததும், தொண்டரை மதிப்பிட்டுச் சான்று வழங்கும் அதிகாரம் கம்பெனிக்கன்று, கிராமத்தாருக்கே இருக்க வேண்டும். நமது சர்வகலாசாலைகளும் இளைஞர் சங்கங்களும் இவ்விதிகளை முதலில் தங்களுக்கே விதித்துக் கொள்ளட்டும். அப்போதுதான் பிற நாட்டாரிடம் கேட்கும் யோக்கியதை நமக்கு உண்டாகும்.

தொண்டுள்ளம் படைத்த வாலிபனை நாம் தடுக்கவில்லை. போ என்றே சொல்கிறோம். ஆனால் புறப்படுமுன் பாஷையைக் கற்றுக்கொள், அழைப்புக்குக் காத்திரு, போன இடத்தில் முதலில் கேள், பிறகு பேசு, நீ இல்லாமலே அவர்கள் நடத்திக்கொள்ளும் நாளை உன் வெற்றியாகக் கருது. ஹும்லாவின் மலைச்சரிவில், பட்டணத்துக்குப் படிக்கப் போன பிள்ளையின் வரவை எதிர்நோக்கி வாசலில் நின்ற தாய் ஒருத்தியை மனத்தில் நிறுத்திக்கொள். உன் தொண்டின் கணக்கை நீ ஒப்படைக்க வேண்டியது அவளிடத்திலேதான்.